மாற்றுத்திறனாளிப் பயனர் சொல்லும் குறையிலிருந்து கைபேசிச் செயலியின் பிழையைக் கண்டறிதல்

பெங்களூரில் செயலி உருவாக்கும் நிறுவனங்களில் வேலை பார்க்கும் தமிழ்ப் பொறியாளர்கள், வடிவமைப்பாளர்கள், சோதனையாளர்கள் ஆகியோருக்காக இந்த வழிமுறையை எழுதுகிறேன். பார்வை, செவித்திறன், கையசைவு ஆகியவற்றில் குறைபாடு உள்ளவர்களிடமிருந்து வரும் புகார்கள் பெரும்பாலும் ஒரே வரியில் இருக்கும். அந்த வரி அவர்கள் பட்ட தொல்லையைச் சொல்லுமே தவிர, நிரலில் எந்த இடத்தில் கோளாறு என்பதைச் சொல்லாது. ஆகவே பயனர்கள் சொல்லும் சொற்களையே தலைப்புகளாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் பின்னால் வழக்கமாக எந்தப் பிழை இருக்கிறது, அதை எப்படி உறுதிசெய்வது, எப்படித் திருத்துவது என்று எழுதியிருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றை மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். ஆண்ட்ராய்டும் ஐஓஎஸ்ஸும் திரையில் ஒரு பக்கத்தை வரையும்போதே, அந்தப் பக்கத்தில் என்னென்ன இருக்கின்றன என்ற விவரத்தைக் கிளைகளாக அடுக்கித் தனியாக வைத்துக்கொள்கின்றன. இதைத்தான் டெவலப்பர்கள் ஆக்சசிபிலிட்டி ட்ரீ என்கிறார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பெயர் என்ன, அது பட்டனா, தேர்வுப்பெட்டியா, தலைப்பா, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதை என்ன செய்ய முடியும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். திரையில் உள்ளதைப் பேச்சாகப் படிக்கும் டாக்பேக் (ஆண்ட்ராய்டு), வாய்ஸ்ஓவர் (ஐபோன்) போன்ற திரைவாசிப்பான்கள், திரையைத் தொட்டு இயக்க முடியாதவர்கள் தனிப் பட்டனை அழுத்தி இயக்கும் ஸ்விட்ச் கருவிகள், குரல் கட்டளை ஆகிய எல்லாமே இந்த விவரத்தை நம்பித்தான் இயங்குகின்றன. திரையில் நாம் வரைந்த அழகான படம் அவற்றுக்குத் தெரியாது. இங்கே வரும் குறைகளில் பெரும்பாலானவை, திரையில் தெரிவது ஒன்றாகவும் இயங்குதளத்திடம் சொல்லப்பட்டது வேறொன்றாகவும் இருப்பதால் வருபவை. எனவே எந்தப் புகார் வந்தாலும் நிரலைத் திறப்பதற்கு முன், திரையில் தெரிவது அந்த விவரத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

பார்ப்பதற்குப் பெரிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை. ஆண்ட்ராய்டின் அமைப்புகளில் அணுகல்தன்மை (ஆக்சசிபிலிட்டி) பகுதிக்குப் போய் டாக்பேக்கை இயக்குங்கள். விரலை வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும். திரையில் எங்கே இருமுறை தட்டினாலும் அப்போது வாசிக்கப்பட்ட பொருள் இயங்கும். ஐபோனின் வாய்ஸ்ஓவரிலும் இதே இரண்டு அசைவுகள் போதும். டாக்பேக்கின் டெவலப்பர் அமைப்புகளில், பேசுவதை எழுத்தாகவும் திரையில் காட்டும் வசதி உண்டு. அதை இயக்கிவிட்டால் புகாரோடு ஸ்கிரீன்ஷாட்டையும் இணைத்துக் காட்டலாம். அதன் பிறகு திரையை மறைக்கும் வசதியையும் இயக்கி, காதை மட்டும் நம்பி அந்த வேலையை முடித்துப் பாருங்கள். கண்ணால் பார்த்துக்கொண்டே டாக்பேக்கைக் கேட்பவர், விடுபட்டதைத் தம் மூளை நிரப்பிவிடுவதால், பாதிப் பிழைகளைத் தவறவிடுகிறார்.

புகார் தந்தவரிடம் கைபேசியின் மாதிரி, இயங்குதளப் பதிப்பு, திரைவாசிப்பானின் பெயர், பேச்சு மொழி, எழுத்தின் அளவு ஆகியவற்றைக் கேட்டு, அதே நிலையில் சோதியுங்கள். பேச்சு மொழியை நம் ஊரில் கட்டாயம் கேட்க வேண்டும். அதற்கான காரணம் பின்னால் வருகிறது.

“பட்டன், பட்டன்னுதான் சொல்லுது, என்ன பட்டன்னு சொல்ல மாட்டேங்குது”

அல்சூரில் வசிக்கும் பார்வையற்ற பெரியவர் ஒருவர், உணவு வரவழைக்கும் செயலி ஒன்றைத் தம் கைபேசியில் எனக்கு இயக்கிக் காட்டினார். விரலைத் தள்ளத் தள்ள, லேபிள் இல்லாத பட்டன் என்ற ஒரே அறிவிப்பு திரும்பத் திரும்ப வந்தது. “தம்பி, இதுல கூட்டுறது எது, குறைக்கிறது எதுன்னு நான் அமுக்கிப் பாத்துதான் கண்டுபிடிக்கணும். ஒண்ணு கேட்டு மூணு வந்து நின்னா காசு யாரு குடுக்கிறது?” என்று கேட்டார். திரையில் அந்த இடத்தில் ஒரு கூட்டல் குறியும் ஒரு கழித்தல் குறியும் பளிச்சென்று இருந்தன.

காரணம் எளிது. அந்தப் பட்டன்களில் இருந்தவை படங்கள். எழுத்து உள்ள பட்டனுக்கு அந்த எழுத்தே பெயராகிவிடும். படம் மட்டும் உள்ள பட்டனுக்கு நாம்தான் பெயர் தர வேண்டும். ஆண்ட்ராய்டில் இதற்கு கன்டென்ட் டிஸ்கிரிப்ஷன், ஐஓஎஸ்ஸிலும் ரியாக்ட் நேட்டிவிலும் ஆக்சசிபிலிட்டி லேபிள், ஃப்ளட்டரில் செமான்டிக்ஸ் விட்ஜெட்டின் லேபிள் என்று பெயர் இடும் வழி எல்லாவற்றிலும் இருக்கிறது. ஆண்ட்ராய்டுத் திரைகளை எழுதும் ஜெட்பேக் கம்போஸில் ஐகான் எழுதும்போது கன்டென்ட் டிஸ்கிரிப்ஷனை விட்டுவிட முடியாது. ஆனால் எதுவுமில்லை என்று பொருள்படும் ‘நல்’ (null) என்று எழுதிக் கடந்துவிட முடியும் என்பதால், அவசரத்தில் பலரும் அப்படித்தான் கடந்துபோகிறார்கள். நிரல் முழுவதும் ‘நல்’ என்று தேடிப் பார்த்து, அலங்காரப் படங்களுக்கு மட்டும் அதை விட்டுவைத்து, மற்றவற்றுக்குப் பெயர் இடுங்கள்.

எப்படிப் பெயர் இடுவது என்பதில்தான் கவனம் வேண்டும். பெயருக்குள் பட்டன் என்ற சொல்லைச் சேர்க்கக் கூடாது. அது பட்டன் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லும் என்பதால் இரண்டு முறை கேட்கும். படம் எப்படி இருக்கிறது என்று எழுதாமல், அது என்ன செய்யும் என்று எழுத வேண்டும்: பூதக்கண்ணாடி என்பதற்குப் பதில் தேடு. பட்டியலில் ஒவ்வொரு உணவுக்கும் எதிரே சேர் என்ற பட்டன் இருந்தால், எல்லாவற்றுக்கும் சேர் என்றே பெயரிட்டால் போதாது. மசால் தோசை ஒன்று கூட்டு, மசால் தோசை ஒன்று குறை என்று உணவின் பெயரும் அதில் வர வேண்டும். விருப்பப் பட்டியலில் சேர்க்கும் இதயக் குறி நிறைந்திருக்கிறதா, வெறுமையாக இருக்கிறதா என்பதைப் பெயரில் திணிக்காமல், நிலையைச் சொல்லும் பண்பில் தர வேண்டும். லேபிள்களை நிரலுக்குள் ஆங்கிலத்தில் எழுதாமல், மொழிபெயர்ப்புக்குப் போகும் சொற்கோப்பில் வையுங்கள். இல்லாவிட்டால் தமிழ்த் திரையில் லேபிள் மட்டும் ஆங்கிலத்தில் பேசும்.

கூகிளின் ஆக்சசிபிலிட்டி ஸ்கேனரும் ஆப்பிளின் எக்ஸ்கோடில் உள்ள ஆக்சசிபிலிட்டி இன்ஸ்பெக்டரும் லேபிள் இல்லாத பட்டன்களைக் காட்டித் தந்துவிடும். ஆனால் குறைக்கும் பட்டனுக்குத் தவறிப்போய்க் கூட்டு என்று பெயரிட்டிருந்தால் எந்தக் கருவியும் அதைக் கண்டுபிடிக்காது. அதற்குக் கேட்டுப் பார்ப்பதுதான் வழி.

“விலை ஒரு பக்கம், சாமான் ஒரு பக்கம் படிக்குது”

ஓர் அட்டையில் பொருளின் பெயர், எடை, பழைய விலை, புதிய விலை, தள்ளுபடி என்று ஐந்து துண்டுகள் இருந்தால், திரைவாசிப்பான் ஐந்து முறை நின்று படிக்கும். இருபது பொருள் உள்ள பக்கத்தைக் கடக்க நூறு தடவை விரலைத் தள்ள வேண்டியிருக்கும். அட்டை முழுவதையும் ஒரே பொருளாக இணைத்துவிடுங்கள். கம்போஸில் மெர்ஜ் டிசென்டன்ட்ஸ், ஃப்ளட்டரில் மெர்ஜ் செமான்டிக்ஸ் இதைச் செய்யும். இணைக்கும்போது அடித்துக் காட்டப்பட்ட பழைய விலைக்கு முன்னால் பழைய விலை என்ற சொல் வருகிறதா என்று பாருங்கள், ஏனெனில் குறுக்குக்கோடு காதில் விழாது. வரிசையே மாறிப் படித்தால், வாசிப்பு வரிசையைத் திருத்தும் பண்புகளை ஒட்டுப் போடுவதற்கு முன், லேஅவுட்டில் பொருள்கள் எழுதப்பட்டிருக்கும் வரிசையைச் சரிசெய்யுங்கள். ஒட்டுப்போட்ட வரிசை அடுத்த வடிவமைப்பு மாற்றத்தில் குலைந்துபோகும். நீண்ட பக்கங்களில் தலைப்புகளைத் தலைப்பு என்று குறித்துவிட்டால், பயனர் தலைப்புக்குத் தலைப்பு தாவிப் போக முடியும். சிறிய வேலை, பெரிய நிம்மதி.

“அமுக்கினா ஒண்ணும் ஆகல”

இந்தப் புகார் வந்தால், உண்மையில் ஏதோ ஆகியிருக்கிறது, அதைப் பயனருக்கு யாரும் சொல்லவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். கடவுச்சொல் தவறு என்ற சிவப்பு வரி பெட்டிக்குக் கீழே தோன்றியிருக்கும். ஆட்டோ ஓட்டுநர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்ற பட்டை மேலே வந்திருக்கும். பணம் கட்டும் பக்கம் சுழன்றுகொண்டிருக்கும். பார்ப்பவருக்கு இவை தாமாகவே கண்ணில் படும், கேட்பவருக்கோ வாசிப்பு எங்கே நிற்கிறதோ அந்த இடம் மட்டும்தான் உலகம்.

மாறும் எழுத்து உள்ள பகுதியை லைவ் ரீஜன் என்று குறியுங்கள். அதில் பொலைட் என்ற வகை, பேசிக்கொண்டிருப்பதை முடித்துவிட்டு மாற்றத்தைச் சொல்லும். அசெர்டிவ் வகை இடைமறித்துச் சொல்லும். ஓட்டுநர் வந்துவிட்டார், பணம் கட்டுவது தோல்வியடைந்தது போன்றவற்றைத் தவிர வேறெதற்கும் இடைமறிக்கும் வகை வேண்டாம். மறு ஓடிபிக்கு இன்னும் 29 நொடி, 28 நொடி என்று குறையும் எண்ணை லைவ் ரீஜனாகக் குறித்துவிட்டு, பயனர் ஒரு சொல்கூடக் கேட்க முடியாதபடி செய்த செயலிகளைப் பார்த்திருக்கிறேன். அந்த எண்ணைக் குறிக்காமல் விட்டு, நேரம் முடிந்ததை மட்டும் ஒரு முறை சொன்னால் போதும். அனவுன்ஸ் ஃபார் ஆக்சசிபிலிட்டி என்ற பழைய கட்டளையைக் கொண்டு எல்லாவற்றையும் பேச வைத்த நிரல்கள் நிறைய உண்டு. ஆண்ட்ராய்டு 16 அதைக் கைவிடப்பட்டவை பட்டியலில் சேர்த்திருப்பதால், புதிதாக எழுதும் எதிலும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.

படிவத்தில் பிழை இருந்தால், பிழைச் செய்தியை அந்தப் பெட்டியோடு இணைத்து, வாசிப்பு நிற்கும் இடத்தை, அதாவது ஃபோகஸை, முதல் பிழை உள்ள பெட்டிக்குக் கொண்டுபோய் நிறுத்துங்கள். கீழிருந்து எழும் பலகையோ பாப்அப்போ திறக்கும்போது ஃபோகஸ் அதற்குள் போக வேண்டும், பின்னால் உள்ள பக்கம் வாசிப்பில் வரக் கூடாது, மூடிய பின் திறந்த பட்டனுக்கே திரும்ப வேண்டும். ஐஓஎஸ்ஸில் ஆக்சசிபிலிட்டி வியூ ஈஸ் மோடல் என்ற பண்பைக் குறிக்க மறந்தால், பாப்அப் தெரிந்துகொண்டிருக்கும்போதே பயனர் அதற்குப் பின்னால் உள்ள பட்டியலில் அலைந்துகொண்டிருப்பார்.

“பாதிப் பேரைப் படிக்காம தாண்டிப் போகுது”

பெங்களூரில் இது அடிக்கடி நேரும். செயலியின் மொழி தமிழ், நிறுத்தத்தின் பெயர் தரவுத்தளத்திலிருந்து கன்னட எழுத்தில் வருகிறது, கட்டணச் செய்தி ஆங்கிலத்தில் இருக்கிறது, வாடிக்கையாளர் சேவையின் பதில் இந்தியில் வருகிறது. பயனரின் பேச்சுக் குரல் தமிழுக்கு மட்டும் அமைக்கப்பட்டிருந்தால், பேச்சு எஞ்சினைப் பொறுத்து, தனக்குத் தெரியாத எழுத்தை அது விழுங்கிவிடலாம், எழுத்தெழுத்தாக உளறலாம், அல்லது சரியாகவும் படிக்கலாம். சில எஞ்சின்கள் மொழியைத் தாமே ஊகித்துக்கொள்கின்றன என்றாலும், அதை நம்பிச் செயலியை வெளியிட முடியாது. மெஜஸ்டிக்கில் இறங்க வேண்டியவருக்கு அந்தப் பெயர் மட்டும் காதில் விழாமல் போவது சிறு குறை இல்லை.

திருத்தம் இரண்டு அடுக்கில் இருக்கிறது. எந்தத் துண்டு எந்த மொழி என்பதை இயங்குதளத்திடம் சொல்லுங்கள். ஆண்ட்ராய்டில் லொகேல் ஸ்பேன், ஐஓஎஸ்ஸில் ஆக்சசிபிலிட்டி லேங்வேஜ் ஆகியவை இதற்கானவை. அதைவிட மேலானது, இடப்பெயர்களைப் பயனர் தேர்ந்தெடுத்த மொழியின் எழுத்திலேயே தரவுத்தளத்திலிருந்து தருவது. சோதனைக் கைபேசியில் ஆங்கிலக் குரலை மட்டும் வைத்துச் சோதிக்கும் வழக்கத்தை விட்டுவிட்டு, தமிழ், கன்னடம், இந்தி ஆகிய மூன்று குரல்களிலும் முக்கியமான பாதைகளை ஒரு முறையாவது கேட்டுவிடுங்கள்.

“எழுத்தைப் பெருசு பண்ணினா பாதி காணோம்”

ஆண்ட்ராய்டு 14 முதல் எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம். அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டியான டபிள்யூசிஏஜியும் (WCAG), உள்ளடக்கமோ பயன்பாடோ கெடாமல் 200 சதவீதம் வரை எழுத்து பெரிதாக வேண்டும் என்றே கேட்கிறது. பெரிதாக்கும்போது எழுத்து வளரவே இல்லையென்றால், அளவு, பயனர் வைத்த எழுத்தளவோடு வளரும் எஸ்பி அலகில் இல்லாமல், அதோடு வளராத டிபி அலகில் எழுதப்பட்டிருக்கும். ஐஓஎஸ்ஸில் எழுத்தளவைத் தானே மாற்றிக்கொள்ளும் டைனமிக் டைப் பயன்படுத்தப்படாமல் ஓர் எண் நேரடியாக இடப்பட்டிருக்கும். எழுத்து வளர்ந்து வெட்டுப்பட்டால், பட்டனுக்கோ அட்டைக்கோ உயரம் நிலையாக வைக்கப்பட்டிருக்கும். அதைக் குறைந்தபட்ச உயரமாக மாற்றினால் பெட்டி எழுத்தோடு சேர்ந்து வளரும்.

தமிழுக்கென்று தனியான ஒரு தொல்லை உண்டு. கி, கீ போன்றவற்றின் குறிகள் மேலே எழும்பும். சு, பு, யு போன்றவற்றின் குறிகள் கீழே இறங்கும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்து வரி உயரத்தை இறுக்கியிருந்தால், அல்லது டெக்ஸ்ட்வியூவில் இன்க்ளூட் ஃபான்ட் பேடிங் என்பதை அணைத்திருந்தால், மேற்குறிகளோ கீழ்க்குறிகளோ நறுக்கப்பட்டு, கி என்பது க போலத் தெரியும். பார்வை மங்கலானவர் எழுத்தைப் பெரிதாக்குவதே தெளிவாகப் படிப்பதற்குத்தான் என்னும்போது, பெரிதாக்கியதால் எழுத்தே மாறிப்போவது கொடுமை. ஆண்ட்ராய்டு 15ஐ இலக்காகக் கொண்ட செயலிகளில் எலிகன்ட் டெக்ஸ்ட் ஹைட் என்ற பண்பு தானாகவே இயங்கும். தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் முதலிய எழுத்துகளுக்கு அது போதிய உயரம் தருகிறது. முன்பு அழகுக்காக இறுக்கிய இடங்கள் இந்த மாற்றத்தால் நிரம்பி வழிகின்றன என்றால், பண்பை அணைக்காமல் இடத்தை விரிவாக்குங்கள். ஆண்ட்ராய்டு 16ஐ இலக்காக வைத்தால் அணைக்கும் வழியே எடுபடாது.

மேலும், ஆங்கிலத்தில் ஒரு சொல்லாக இருக்கும் பட்டன் தமிழில் இரண்டு மூன்று சொற்களாக நீளும். மூன்று புள்ளி வைத்து வெட்டுவதை பட்டன்களில் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். ரத்துசெய்ய வேண்டாம், ரத்துசெய்ய விரும்புகிறேன் என்ற இரண்டும் வெட்டுப்பட்டால் ஒன்றாகத் தெரியும்.

“டாக்பேக் போட்டிருந்தா ஆப் திறக்கவே மாட்டேங்குது”

இந்தக் குறையைப் பற்றிப் பேசும்போது எனக்குப் பொறுமை குறைகிறது, ஏனெனில் இங்கே பயனர் எதையும் தவறாகச் செய்யவில்லை, வாசலிலேயே நிறுத்தப்படுகிறார். பணப் பரிமாற்றச் செயலிகள் சில, கைபேசியில் ஏதாவதோர் அணுகல்தன்மைச் சேவை இயங்கினால், பாதுகாப்புக் காரணத்தால் திறக்க முடியாது என்று சொல்லி மூடிக்கொள்கின்றன. இதற்குப் பின்னால் உண்மையான அச்சம் இருக்கிறது: திரையில் உள்ளதைப் படிக்கும் அதே அனுமதியைப் பெற்று, மோசடி நிரல்கள் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் திருடுகின்றன. ஆனால் திருடனுக்கு அஞ்சி எல்லா வாசிப்பான்களையும் தடுப்பதால், பார்வையற்றவர் தம் கணக்கில் எவ்வளவு பணம் இருக்கிறது என்று கேட்பதற்கும் அடுத்தவர் கண்ணை நம்ப வேண்டியதாகிறது, அதுவே அவருடைய பணத்துக்குப் பெரிய ஆபத்து.

உங்கள் செயலியில் இது நடக்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க, இயங்கும் சேவைகளின் பட்டியலை எங்கே கேட்கிறீர்கள் என்று நிரலில் தேடுங்கள். பல நேரங்களில் அது உங்கள் நிரலில் இருக்காது, மோசடித் தடுப்புக்காக இணைத்த வெளி நூலகத்தில் இருக்கும். பட்டியல் காலியாக இல்லையென்றால் மூடு என்ற விதியை எடுத்துவிட்டு, ஒவ்வொரு சேவையும் தன்னை ஆக்சசிபிலிட்டி டூல் என்று அறிவித்திருக்கிறதா என்று பாருங்கள். இந்த அறிவிப்பு ஆண்ட்ராய்டு 12 முதல் உண்டு; மாற்றுத்திறனாளிகளுக்காக உருவாக்கப்படாத செயலிகள் அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று பிளே ஸ்டோர் விதிக்கிறது. ஆண்ட்ராய்டு 14இல் இதற்கு மேலும் நல்ல வழி வந்திருக்கிறது: கடவுச்சொல், இருப்புத் தொகை போன்ற பகுதிகளை ஆக்சசிபிலிட்டி டேட்டா சென்சிடிவ் என்று குறித்தால், அப்படி அறிவித்துக்கொண்ட சேவைகளுக்கு மட்டுமே அவை தெரியும். டாக்பேக் படிக்கும், அறிவித்துக்கொள்ளாத சேவைக்கு அந்த இடம் தெரியாது.

பாதுகாப்புக் குழுவோடு பேசும்போது சட்டத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016இன் 42ஆம் பிரிவு தகவல் தொழில்நுட்பத்தை அணுகுவதைப் பற்றியது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐஎஸ் 17802 தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்கும் சேவைகளுக்குமான அணுகல்தன்மைத் தரம். 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் பிரக்யா பிரசூன் வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பளித்தது. பங்குச் சந்தை சார்ந்த செயலி என்றால், செபி 2025 ஜூலை 31 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையும் உங்களைக் கட்டுப்படுத்தும்.

“கேஒய்சி முடியவே மாட்டேங்குது”

கேஒய்சி என்பது வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் கட்டம். மேற்சொன்ன பிரக்யா பிரசூன் வழக்கைத் தொடுத்தவர்கள் அமில வீச்சில் முகமும் கண்ணும் சிதைந்தவர்கள். அதனோடு பார்வையற்றவர் ஒருவரின் வழக்கும் சேர்த்து விசாரிக்கப்பட்டது. உயிருள்ள ஆள்தான் என்பதைக் காட்டக் கண்ணைச் சிமிட்டு என்று செயலி கேட்கும்போது, இமையே மூடாதவர் என்ன செய்வார்? கண் சிமிட்டலுக்கு மாற்று வழி தரச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது. உங்கள் செயலியில் இந்தக் கட்டத்தில் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, சிமிட்டல் அல்லாத வேறு வழி இருக்கிறதா, அதற்குப் போகும் பட்டன் தோல்விக்கு முன்பே தெரிகிறதா என்பது. இரண்டாவது, முகத்தை வட்டத்துக்குள் வைக்கச் சொல்லும்போது பார்வையற்றவருக்கு வட்டம் எங்கே என்று சொல்லப்படுகிறதா என்பது. கைபேசியைச் சற்று மேலே தூக்குங்கள், முகம் இடப்பக்கம் விலகியிருக்கிறது என்று பேச்சிலும் அதிர்விலும் வழிகாட்ட வேண்டும். மூன்றாவது, நேரம். திரைவாசிப்பானோடு ஒரு படிவத்தை நிரப்புவதற்கு இயல்பாகவே கூடுதல் நேரம் பிடிக்கும். நேரம் முடியப்போகிறது என்று எச்சரித்து, நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 நொடி அவகாசம் தர வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி காட்டும் வழிகளில் ஒன்று. பாதுகாப்புக்காக நேரத்தை நீட்டிக்க முடியாத இடத்தில், நேரம் முடிந்தாலும் அதுவரை நிரப்பியது அழியாமல் இருந்தாலே பயனர் பாதித் துன்பத்திலிருந்து தப்புவார்.

ஓடிபியை ஆறு தனிப்பெட்டிகளாக வரைவது வழக்கமாகிவிட்டது. ஒவ்வொரு பெட்டியும் தனித்தனி உள்ளீடாக எழுதப்பட்டால், ஓர் எண்ணை இட்டவுடன் ஃபோகஸ் தாவி, திரைவாசிப்பான் சொல்லிக்கொண்டிருப்பது அறுபடும், எந்த எண் எங்கே போனது என்பது தெரியாது, ஒட்டவும் முடியாது. உள்ளே ஒரே உள்ளீட்டுப் பெட்டியை வைத்து, ஆறு கட்டங்களைத் தோற்றத்துக்கு மட்டும் வரையுங்கள். ஐஓஎஸ்ஸில் ஒன் டைம் கோட் என்ற உள்ளடக்க வகையைக் குறித்தால், வந்த எண்ணை இயங்குதளமே நிரப்பித் தரும். கோணல் எழுத்துப் படத்தைப் பார்த்துத் தட்டச்சு செய்யச் சொல்லும் கேப்சாவுக்கு ஒலி வடிவம் இருந்தாலும், பார்வையும் செவியும் இல்லாதவருக்கு அது பயன்படாது. 2023 அக்டோபரில் வந்த டபிள்யூசிஏஜி 2.2, உள்நுழைவுக்காக நினைவாற்றலையோ புதிர் விடுவிப்பதையோ மட்டும் நம்பக் கூடாது என்று ஒரு விதியையே சேர்த்திருக்கிறது. ஆகவே ஒட்டும் வசதியைத் தடுக்கும் பழைய நிரல் எங்கேயாவது இருந்தால் எடுத்துவிடுங்கள்.

“தட்டினா வேற ஒண்ணு திறக்குது”, “இழுக்க முடியல”

கை நடுங்குபவருக்கும், ஒரே விரலால் இயக்குபவருக்கும், ஸ்விட்ச் வைத்திருப்பவருக்கும் வரும் குறை இது. தொடும் பரப்பு ஆண்ட்ராய்டில் குறைந்தது 48 டிபி இருக்க வேண்டும், அதாவது ஏறத்தாழ 9 மில்லிமீட்டர். ஐஓஎஸ்ஸில் 44 புள்ளி. படம் சிறியதாக இருந்தாலும் அதைச் சுற்றியுள்ள தொடும் பரப்பைப் பெரிதாக்கலாம் என்பதால், வடிவமைப்பாளரோடு சண்டை போடத் தேவையில்லை.

ஸ்விட்ச் மூலம் ஒரு பட்டனைத் தேர்ந்தெடுத்தும் அது இயங்கவில்லை என்றால், அந்த இடத்தில் கிளிக் லிசனருக்குப் பதில் டச் லிசனர் எழுதப்பட்டிருக்கும். விரல் தொட்டதை அது உணரும். இயக்கு என்று இயங்குதளம் சொல்வதை உணராது. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ இதற்கு எச்சரிக்கை காட்டுகிறது, அதை அடக்கிவைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். பயணத்தை முடிக்கவோ பணத்தை உறுதிசெய்யவோ பட்டையை வலப்பக்கம் இழுக்கச் சொல்லும் பக்கங்களில், இழுக்காமல் தட்டி முடிக்கும் வழி ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். தவறிப்போய்த் தட்டிவிடுவார் என்ற அச்சம் இருந்தால், உறுதிதானா என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளலாம். குரல் கட்டளை கொடுப்பவர் திரையில் பார்க்கும் சொல்லையே சொல்வார் என்பதால், பட்டனில் எழுதியிருக்கும் சொல் அதன் லேபிளுக்குள்ளும் அப்படியே இருக்க வேண்டும்.

“வெளிறிப் போய்க் கிடக்கு”

வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற சாம்பல் நிற எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாட்டு விகிதம் (கான்ட்ராஸ்ட்) 2.85, டபிள்யூசிஏஜி கேட்பது 4.5. #777777 மயிரிழையில் தவறும், #767676 தேறும். பெரிய எழுத்துக்கும் ஐகான்களுக்கும் 3 போதும். பேருந்து இருக்கை வரைபடத்தில் காலியா, நிரம்பியதா என்பதைப் பச்சை சிவப்பால் மட்டும் காட்டியிருந்தால், குறுக்குக்கோடோ எழுத்தோ சேருங்கள்.

“எனக்கு காது கேக்காது, ஆனா எல்லாத்துக்கும் போன் பண்ணச் சொல்றாங்க”

அணுகல்தன்மை என்றாலே திரைவாசிப்பான் என்று நினைத்துக்கொள்வதால், காது கேளாதோரின் குறைகள் பட்டியலில் கடைசியாகப் போய்விடுகின்றன, அது நியாயமில்லை. பணம் திரும்பக் கேட்பதற்குத் தொலைபேசி எண் மட்டும் இருக்கிறதா, ஓடிபியைக் குரல் அழைப்பில் மட்டும் அனுப்பும் நேரம் உண்டா, கொண்டுவந்து தருபவர் வாசலிலிருந்து அழைத்துப் பதில் இல்லையென்றால் பொருளைத் திருப்பி எடுத்துச் செல்லும் விதி இருக்கிறதா என்று பாருங்கள். இவை நிரலில் இருக்கும் பிழைகளாகத் தோன்றாது, ஆனால் அதே அளவு வழி அடைக்கும். அழைக்க வேண்டாம், செய்தி அனுப்புங்கள் என்ற ஒரு தேர்வைப் பயனர் விவரத்தில் சேர்த்து, அதைக் கொண்டுவருபவரின் திரையிலும் காவலர் அறைக்குப் போகும் செய்தியிலும் தெரியும்படி செய்யுங்கள். ஒலியால் மட்டும் அறிவிப்பவற்றுக்கு அதிர்வும் காட்சியும் சேருங்கள். வழிகாட்டும் வீடியோக்களுக்கு வசன வரிகள் இருக்கட்டும்.

“போன மாசம் சரியா இருந்துச்சு, இப்ப மறுபடியும் போச்சு”

அடுத்த வடிவமைப்பு வந்ததும் லேபிள்கள் காணாமல் போவது வழக்கம். ஆண்ட்ராய்டின் எஸ்பிரெஸோ என்ற தானியங்கிச் சோதனைகளில் ஆக்சசிபிலிட்டி செக்ஸ் என்பதை இயக்கிவிட்டால், பெயர் இல்லாத பட்டனும் சிறுத்த தொடுபரப்பும் ஒவ்வொரு பில்டிலும் பிடிபடும். எக்ஸ்கோடு 15 முதல் ஐஓஎஸ் சோதனைகளிலும் இப்படித் தணிக்கை செய்யும் கட்டளை உண்டு. பொதுப் பட்டன், பொது உள்ளீட்டுப் பெட்டி ஆகியவற்றை ஒரே இடத்தில் சரியாக எழுதி, எல்லாப் பக்கங்களும் அவற்றையே பயன்படுத்தும்படி செய்வது இன்னும் உறுதியான காப்பு.

வெளியிடும் முன், புகார் தந்தவருக்கே அந்தப் பதிப்பை அனுப்பிச் சோதிக்கச் சொல்லுங்கள். அவருடைய நேரத்துக்குப் பணம் கொடுங்கள். பெங்களூரிலேயே கோரமங்கலாவில் எனேபிள் இந்தியா, எச்எஸ்ஆர் லேஅவுட்டில் மித்ர ஜோதி போன்ற அமைப்புகள் பல ஆண்டுகளாக மாற்றுத்திறனாளிகளோடு வேலை செய்துவருவதால், சோதிப்பவர்களைத் தேட ஒரு தொடக்கம் கையருகிலேயே இருக்கிறது. அவர்கள் சரி என்று சொன்ன பிறகு, திருத்திய ஒவ்வொரு இடத்திலும் திரைவாசிப்பான் பேசிய வரியை, மசால் தோசை ஒன்று கூட்டு, பட்டன் என்பதுபோல, எழுத்து மாறாமல் புகார்ப் பதிவில் எழுதி வையுங்கள். அடுத்த வெளியீட்டைச் சோதிப்பவர் அந்த வரியோடு தாம் கேட்பதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.